நாய் மருந்தும் நாலு குட்டிகளும்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதைச் சுகம் என்று சொல்லலாமென்றால் சுகம்தான். நீயும் மருமகளும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அங்கே குளிர் அதிகம் என்றாயே, பேத்திக்குக் காதை மூடி அனுப்பு. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதமென்றால் நீ பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் மீதி அங்கேயே கிடக்கும், திரும்பி வந்து படித்துத்தான் ஆகவேண்டும். நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "ஒரு பூனைக்காக மாப்பிள்ளையை அவமானப்படுத்தலாமாம்மா, அவர் எவ்வளவு நொந்துபோயிருக்கார் தெரியுமா, எனக்காக ஒரு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுடு" என்று மேலே எழுதியிருந்தாய். அது முடிந்து மூச்சுக்கூட விடாமல் கீழே, "பாப்பாவுக்கு ஒரு பூனைக்குட்டி எடுத்துக் கொடுத்திருக்கோம், உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி, மாப்பிள்ளை ஒரு சொட்டு மருந்துப் பேர் அனுப்பியிருக்கார், போடலாமா, நீ என்ன போட்டே" என்று கேட்டிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் தையல் மெஷின் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மருந்துப் பெயர் எனக்குத் தெரியும். போடாதே, தொடவே தொடாதே என்று அப்போதே செய்தி அனுப்பினேன். நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். அந்த விரலுக்கு என்ன அர்த்தமென்று எனக்குப் புரியவில்லை, அதனால் முழுதாக எழுதுகிறேன்.

என் தையல் அறையில் சுற்றிக்கொண்டிருக்கும் சாம்பல் பூனையை உனக்கு நினைவிருக்கும், நான் தைக்கிற திரைச்சீலை மேலேயே உட்கார்ந்துகொண்டு மேற்பார்வை பார்க்கிறது என்று அப்பா அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். லைனிங் துணி போட்டு வைக்கிற அட்டைப்பெட்டிக்குள் அது நாலு குட்டி போட்டதும்தான் அது மேஸ்திரியம்மா என்று எங்களுக்குத் தெரிந்தது. குட்டிகள் கண் திறந்து தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய சமயம், பல் டாக்டரின் மனைவி நான் தைத்துக் கொடுத்த திரைச்சீலையை மடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை மாட்டின அன்னிலேருந்து கால் பூரா தடிப்பு தடிப்பா இருக்கு, உங்க துணியில என்னமோ இருக்கு" என்றார். மற்ற வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் போனபிறகு நம் தையல்காரி, வாயை மூடமாட்டாள் என்று நீ ரேடியோ என்று பெயர் வைத்தாயே அவள்தான், ஒரு குட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முடியை விலக்கிப் பார்த்தாள். மிளகுப் பொடி தூவினதுபோல் தோலெல்லாம் கறுப்பு. ஈரப் பஞ்சில் ஒற்றியெடுத்தால் அந்தக் கறுப்பு சிவப்பாகக் கரைந்தது, அவ்வளவும் பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். பூச்சிகளும் கையில் பட்டுத் துள்ளின. சாவி செய்கிறவர் கடைக்கு மேல்மாடியில் நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருக்கிறார், அன்று மாலையே பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உன் வீட்டுக் குட்டிக்கும் இதுதான், பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். முதலில் குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார், ரோஜா நிறத்தில் இருக்கவேண்டும். வெளிறிப்போயிருந்தால், அல்லது குட்டி துவண்டு கிடந்தால், குளிப்பாட்டுகிறேன் என்று உட்காராதே, நேரே டாக்டரிடம் போ, சின்ன உடம்பில் இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் பூச்சி குடித்துவிடும். "எட்டு வாரம்கூட ஆகாத குட்டிக்குக் கடையில விக்கிற எந்தச் சொட்டும் கழுத்துப் பட்டையும் பவுடரும் வேணாம், பெரிய பூனைக்குப் போடுறதும் வேணாம், நாய்க்குப் போடுறதை வீட்டுக்குள்ளயே வைக்காதீங்க" என்றார், அந்தக் கடைசி வார்த்தையை இரண்டு முறை சொன்னார். இயற்கையானதுதானே என்று வாசனை எண்ணெய் எதையும் தடவக் கூடாதாம். ஒரு தொட்டியில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் தண்ணீர் எடுத்துக்கொள், மணிக்கட்டில் விட்டுப் பார். வாசனை அதிகமில்லாத பாத்திரம் கழுவும் சோப்பில் சில சொட்டு போதும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போட்டுவிடு, இல்லாவிட்டால் உடம்பு நனைந்ததும் பூச்சியெல்லாம் முகத்துக்கு ஓடி காதுக்குள்ளும் கண்ணோரத்திலும் ஏறிக்கொள்ளும். தலையைத் தண்ணீருக்குள் விடாதே, முகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும். பிறகு பேன் சீப்பு, பல் நெருக்கமாக இருக்குமே அது, அதால் பிடரியிலிருந்து வால்வரை மெல்ல வாரு, மாட்டுகிற பூச்சியை உடனே சோப்புத் தண்ணீரில் முக்கு, தரையில் தட்டினால் துள்ளித் திரும்ப வந்துவிடும். சோப்புப் போக நன்றாக அலசிவிடு. எல்லாவற்றையும் சீக்கிரம் முடி. ஒரு குட்டி முழுக்கக் காய்ந்து சூடான பிறகுதான் அடுத்த குட்டி, ஈரத்தோடு விட்டால் பூச்சிக்குத் தப்பினது குளிருக்குத் தப்பாது. படுக்கைத் துணியைக் கொதிக்கிற தண்ணீரில் துவை, தரையிலும் சோபா இடுக்கிலும் வாக்யூம் கிளீனர் போட்டு அந்தப் பையை வெளியே எறி, முட்டையெல்லாம் அங்கேதான் கிடக்கும். குளியல் அடிக்கடி வேண்டாம், சீப்பு தினமும் வேண்டும். தாய்ப்பூனை இருந்தால் அதற்கு டாக்டர் எடை பார்த்து மருந்து தருவார், அது தனி. இப்படிச் செய்தே நம் குட்டிகள் தேறிக்கொண்டிருந்தன. ஈறெல்லாம் நிறம் திரும்பியிருந்தது. லைனிங் துணி முழுவதையும் துவைத்து, பல் டாக்டர் வீட்டுக்குப் புதிய திரைச்சீலையும் தைத்துக் கொடுத்து, அந்தம்மா என்னோடு பழையபடி பேசத் தொடங்கியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் உன் தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவர் ஆபீசில் ஏதோ பயிற்சி, ஒரு வாரம் இங்கே தங்கவேண்டும் என்றார். பின்சீட்டு முழுக்க அடைத்துக்கொண்டு அந்தப் பெரிய நாயும் வந்தது. சின்னவள் கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் தங்க வந்தது இதுதான் முதல் தடவை, எனக்கு வாயெல்லாம் பல். அவளும் வந்த அன்றே குட்டிகளோடு ஒட்டிக்கொண்டாள். எப்படிக் குளிப்பாட்டுவது எப்படி வாருவது என்று ஒரே தடவை காட்டினேன், பிடித்துக்கொண்டாள். அதிலும் கழுத்து வெள்ளையாக ஒன்று, நாலில் இளைத்தது, அதை மடியைவிட்டு இறக்குவதில்லை. அந்த நாய் தையல் அறைப் பக்கம் வராமல் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தோம், ஆனாலும் மூன்றாம் நாள் அது காதைச் சொறிய ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளைக்கு முகம் மாறிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "உங்க பூனைங்களால என் நாய்க்குத் தெள்ளு வந்தாச்சு, சோப்புப் போட்டு விளையாடிட்டு இருந்தா எப்படிப் போகும், என்கிட்ட மருந்து இருக்கு, பிடரியில ஒரு சொட்டு, வேரோட போயிடும்" என்றார். டாக்டரம்மா சொன்னதை நான் சொன்னேன். "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க, நான் சின்ன வயசுலேருந்து நாய் வளர்க்கிறவன், எனக்குத் தெரியாதா" என்று சிரித்தார். வேண்டாம் மாப்பிள்ளை என்று நான் தெளிவாகச் சொன்னேன், அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார், வேண்டுமானால் கேட்டுப்பார். அப்பா அப்போது அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நானும் அப்பாவும் பல் டாக்டரின் கிளினிக்குக்குத் திரைச்சீலை மாட்டப் போனோம், அப்பாவுக்கு முட்டிவலி, ஆனாலும் ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே. பாதி ஜன்னல்கூட மாட்டவில்லை, ரேடியோ போன் செய்தாள். அவள் போனை எடுத்தால் ஊர்க்கதை முழுக்கச் சொல்லித்தான் விஷயத்துக்கு வருவாள். அன்று "வாங்க" என்ற ஒரே சொல்லைச் சொல்லி வைத்துவிட்டாள். நாங்கள் வந்து பார்த்தபோது மூன்று குட்டிகள் தரையில் கிடந்தன, ஜன்னி வந்ததுபோல் உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை. பிடரியில் எண்ணெய் தேய்த்தாற்போல் முடி ஒட்டிக்கிடந்தது. தாய்ப்பூனை அதை நக்கி நக்கி அதற்கும் காது துடிக்க ஆரம்பித்திருந்தது. சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் பிடரியை அலசினேன், துண்டில் சுற்றினேன், தாயை வேறு பையில் போட்டேன், மேஜைமேல் கிடந்த மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாடகை வண்டியில் ஓடினேன். ஒன்று டாக்டரம்மா மேஜையில் வைக்கும்போதே போய்விட்டது. இன்னொன்று ஊசி போட்ட பிறகு போனது. மூன்றாவது மறுநாள் விடியும்வரை போராடியிருக்கிறது. தாய்ப்பூனை மட்டும் பல நாள் அங்கேயே கிடந்து பிழைத்துக்கொண்டது. டாக்டரம்மா அந்தப் பெட்டியைத் திருப்பி என்னிடம் காட்டினார். எழுத்துப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை, ஒரு பூனைப் படம் போட்டு அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு இழுத்திருந்தது. "நாய் தாங்கும், பூனையால இதைத் தாங்க முடியாது, குட்டியால சுத்தமா முடியாது" என்றார். அந்தப் படத்தைத்தான் கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கிய உன் நண்பர், நம் மாப்பிள்ளை, பார்க்கவில்லை, அல்லது பார்த்தார். எனக்குத் தெரியாது.

இதற்கு மேல்தான் உனக்கு எழுத வந்த விஷயம். மூன்று மட்டும்தான் தரையில் கிடந்தன என்றேன் அல்லவா. நடந்ததை ரேடியோ என்னிடம் பிறகு சொன்னாள். பயிற்சிக்குப் புறப்பட்டவர் அந்த மருந்தோடு தையல் அறைக்குள் வந்திருக்கிறார், சின்னவள் எழுந்து நின்று, "வேணாங்க, அம்மா சொன்னாங்க" என்றாளாம். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லையாம். "உன்னை யாரும் கேட்கல" என்று மட்டும் சொல்லி அவளைப் பார்த்தாராம், அவள் தலையைக் குனிந்துகொண்டு துண்டைத் துவைக்கப் போவதுபோல் வெளியே போய்விட்டாளாம். "நாலாவது எங்கே" என்று அவர் கேட்டதற்கு ரேடியோ, "தாய் கவ்விட்டுப் போயிருக்கும் சார்" என்றிருக்கிறாள். தாய் அப்போது அவர் காலடியிலேயே இருந்தது, அவர் கவனிக்கவில்லை. நான் டாக்டரிடமிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்து கையைக் கழுவக் குளியலறைக் கதவைத் தள்ளினேன். உன் தங்கை தரையில் உட்கார்ந்து அந்த வெள்ளைக் கழுத்துக் குட்டிக்குச் சீப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், குட்டியைத் துண்டுக்கு அடியில் தள்ளி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான் எதுவும் பண்ணலீங்க" என்றாள். என்னைப் பார்த்து அவள் 'ங்க' போட்டதில்லை, பெரியவனே, பிறந்ததிலிருந்து போட்டதில்லை. வந்தது நான்தான் என்று தெரிந்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்கவேண்டும். எவ்வளவு நாளா இப்படி என்று கேட்டேன். "எதும்மா, ஒண்ணுமில்லம்மா, அவருக்குச் சத்தம் பிடிக்காது, அவ்வளவுதான்" என்றாள். இரண்டு குட்டி போய்விட்டதையும் மூன்றாவது போய்க்கொண்டிருப்பதையும் அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "என்னால ஒண்ணைத்தான் எடுக்க முடிஞ்சுதும்மா, நாலையும் எடுத்தா அவருக்குத் தெரிஞ்சிடும்" என்றாள்.

இப்போது நான் செய்த அவமானம் என்னவென்று கேட்டுக்கொள். மாலையில் அவர் வந்தார். மருந்துப் பெட்டியை அவர் முன்னால் வைத்து அந்தப் படத்தைக் காட்டினேன். ஒரு வருத்தம், ஒரு அடடா, ஏதாவது வரும் என்று பார்த்தேன். "தெருவுல தினம் சாகுது அத்தை, இதுங்க ஏற்கெனவே ரத்தம் இல்லாம சாகக் கிடந்துச்சு, மருந்தைக் குறை சொல்லாதீங்க" என்றார். அதைத்தான் இன்றும் நம்புகிறார், இல்லாவிட்டால் உன் பெண்ணின் குட்டிக்கு அதே மருந்தை எழுதி அனுப்புவாரா. பிறகு சின்னவள் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லியிருக்கலாமே, பக்கத்துல தானே நின்னே" என்றார். அவள் "தப்புதாங்க" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். "இந்த வீட்டில இனிமே எதையும் தொடாதீங்க மாப்பிள்ளை" என்றேன். அவ்வளவுதான், அதற்கு முன்னும் ஒன்றுமில்லை பின்னும் ஒன்றுமில்லை. அவர் எழுந்துபோய்ப் பையைக் கட்டினார். அவளை வா என்றுகூடக் கூப்பிடவில்லை, கார்ச் சாவியை எடுத்து ஆட்டினார், அவள் கிளம்பிவிட்டாள். வாசல்வரை போய் அவள் கையைப் பிடித்தேன். "விடும்மா, ஒரு பூனைக்காக என் வாழ்க்கையைச் சிக்கலாக்காதே" என்றாள், ஆனால் கையை உடனே விடவில்லை. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, "காப்பி குடிச்சிட்டுக் கிளம்பலாமே மாப்பிள்ளை" என்றார். கார் போனபிறகு யாரும் சொல்லாமலேயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், மறுநாள் டாக்டரிடமிருந்து கொண்டுவரப்போகிற குட்டிகளுக்குக் குழி தோண்டினார், குனிய முடியாத முட்டியோடு. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என்மேல் கோபமா தன்மேல் கோபமா என்று நானும் கேட்கவில்லை.

அந்த வரனைக் கொண்டுவந்தவன் நீ. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், எழுத வரவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். "என் ரூம்மேட்மா, நான் கேரண்டி" என்று சொன்னாய், நாங்களும் உன் முகத்தைப் பார்த்துச் சரி என்றோம். இப்போது அவர் உன்னைக் கூப்பிட்டுத் தன் கதையைச் சொல்கிறார், நீ எனக்குக் கட்டளை அனுப்புகிறாய், இடையில் உன் தங்கையை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நீ அவருக்கு நண்பனாவதற்கு முன்னால் அவளுக்கு அண்ணன்.

நீ சொன்னபடியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உனக்காக இல்லை. கார் போன நாளிலிருந்து அவள் போனை எடுக்கவே இல்லை, எடுத்த ஒரு தடவையும் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டாள், இப்படியே போனால் அவளுக்கு இந்த வாசலும் அடைபட்டுவிடும் என்று பயந்துதான் கேட்டேன். நேற்று முன்தினம் அவருக்கே போன் செய்தேன். நல்ல மனநிலையில் இருந்தார். பெரியவர்கள் என்றால் பொறுமை வேண்டும், வாயில்லாத ஜீவன்மேல் பாசம் வைக்கலாம் ஆனால் மனிதர்களை மறந்துவிடக் கூடாது என்றெல்லாம் நிதானமாக எனக்கு எடுத்துச் சொன்னார், நான் கையில் அளவு நாடாவை வைத்துக்கொண்டு சரி சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போலிருக்கிறது. பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, தட்டு தட்டாக அடுக்குகிற சத்தம், தண்ணீர் விழுகிற சத்தம். "நான் பேசினது தப்பு மாப்பிள்ளை, மன்னிச்சிடுங்க" என்றேன். அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அவர் அதற்குப் பிறகும் வெகுநேரம் பேசினார், நான் கேட்டது அவர் பேச்சை இல்லை, அந்தப் பாத்திரச் சத்தம் மறுபடி வருமா என்றுதான், நான் போனை வைக்கிறவரை வரவில்லை. அடுத்த மாதம் அவளை அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அதனால் உன் அறையை அவளுக்காக ஒழித்துவிட்டேன். அவள் விட்டுப்போன வெள்ளைக் கழுத்துக் குட்டி இப்போது அங்கேதான் தூங்குகிறது. உன் புத்தகங்களையும் கிரிக்கெட் மட்டையையும் பரணில் ஏற்றியாகிவிட்டது, நீ வந்தால் கூடத்தில் படுத்துக்கொள்ளலாம், வருகிறவன்தானே படுக்க இடம் தேடவேண்டும். அவள் வந்தால் திரும்பிப் போவதும் போகாததும் அவள் இஷ்டம், இந்த முறை நானாகக் கையைப் பிடிக்கவும் மாட்டேன், தள்ளவும் மாட்டேன். நீ செய்யவேண்டியது ஒன்றுதான். பகலில் அவர் ஆபீசுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவளைக் கூப்பிடு. எப்படி இருக்கிறாய் என்று கேட்காதே, நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுவாள், அது அவளுக்குப் பழகிவிட்டது. அவரைப் பற்றியும் எடுத்ததும் பேசாதே. உன் வீட்டுக் குட்டிக்கு எப்படிச் சீப்புப் போடுவது என்று அவளிடம் கேள், சொல்லித் தருவாள், நன்றாகவே தெரியும் அவளுக்கு. அவள் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் இரு. மீட்டிங் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே.

பேத்திக்கு என் முத்தம். மருமகளை வேளைக்குச் சாப்பிடச் சொல், கடைசியாக எடுத்த போட்டோவில் கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருக்கிறது. அப்பாவின் முட்டிக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், வேளைக்குச் சாப்பிடுகிறார். நீங்கள் எல்லோரும் ஒருவருக்கு ஒருவர் பயப்படாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும், எனக்கு வேறு ஆசீர்வாதம் தோன்றவில்லை. அந்த மருந்தை ஒருவேளை வாங்கி வைத்திருந்தால் பேத்தி கைக்கு எட்டாமல் இன்றைக்கே வெளியே போட்டுவிடு.

இப்படிக்கு,
உனக்கும் சின்னவளுக்கும்
அம்மா